பேய் கேட்ட நியாயம்
("பழைய அமெரிக்கத் திகில் காமிக்ஸ்: வெறும் பயமா, அறமா?" பட்டிமன்றத்தில் 'அறமே' அணியின் உரை)

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நேரம் குறைவு. வாழ்த்துப்பாவைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரர் ஒன்று சொன்னார். நீங்களும் கை தட்டினீர்கள், கவனித்தேன். "1950களில் ஈ.சி. என்ற கம்பெனி போட்ட திகில் காமிக்ஸை இன்றைக்கும் தேடிப் பிடித்துப் படிக்கிறவர்களை முதலில் ஒரு மனநல டாக்டரிடம் காட்ட வேண்டும்" என்றார். என்னைப் பார்த்தபடியே சொன்னார்.

டாக்டரிடம் போக எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த டாக்டர் ஏற்கெனவே வந்து போய்விட்டார். அவரிடம் அப்புறம் வருகிறேன். முதலில் கறிக்கடைக்குப் போவோம்.

ஈ.சி.யின் திகில் பத்திரிகை 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்', 32ஆவது இதழ், 1952. விலை பத்து சென்ட். வரைந்தவர் ஜாக் டேவிஸ். கதை நடப்பது போர்க்காலத்தில், இறைச்சிக்கு ரேஷன். ஒரு கசாப்புக் கடைக்காரன் கெட்டுப்போன கறியை மலிவாக வாங்கி நல்ல கறி விலைக்கு விற்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்குப்பையோடு வரிசையில் நின்று, "அண்ணே, நெஞ்செலும்பு கொஞ்சம் சேர்த்துப் போடுங்க" என்று கெஞ்சுகிறோமே, நம்மைப் போன்ற ஜனங்கள்தான் வாங்குகிறார்கள். சாப்பிட்டவர்கள் சாகிறார்கள். அவன் கல்லாப்பெட்டியை எண்ணுகிறான். அந்தக் கறி சுற்றிச் சுற்றி அவன் வீட்டுக்கே வருகிறது. சாப்பிட்டது யார்? பெற்ற மகன். போய்விட்டான்.

சரி, போலீஸ் வந்தது, கோர்ட் வந்தது, ஜாமீன் வந்தது என்று கதை போகுமா? போகாது. கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். கடை திறந்திருக்கிறது. உள்ளே அவன் மனைவி. பிள்ளையைப் பறிகொடுத்துப் புத்தி பேதலித்த தாய். முன்னால் கறி வைக்கும் கண்ணாடிப் பெட்டி. அதில் வரிசையாக, சுத்தமாக, தொழில் தெரிந்தவர்கள் அடுக்குவதுபோல அடுக்கியிருக்கிறது. ஆட்டுக்கறியா? இல்லை. மாட்டுக்கறியா? அதுவும் இல்லை. கடை முதலாளியேதான், துண்டு துண்டாக!

சிரிக்கிறீர்கள். எதிரணிச் சகோதரரும் சிரிக்கிறார். ஐயா, நீங்களுமா? வாங்க, ரெண்டு பேரும் ஒரே ஆட்டோவில் டாக்டரிடம் போகலாம்.

"பிறர்க்கின்னா முற்பகல் செய்யின் தமக்கின்னா பிற்பகல் தாமே வரும்." வள்ளுவர் ஏழு சீரில் முடித்துவிட்டார். 'தாமே வரும்' என்றவர் எப்படி வரும் என்று சொல்லவில்லை. அந்த மீதியைத்தான் ஜாக் டேவிஸ் ஏழெட்டுப் பக்கத்தில் வரைந்தார். செத்தவர் எழுந்து வந்து கணக்குத் தீர்ப்பதும் நமக்குப் புதிதா என்ன? கொன்ற கணவனைத் தேடி வந்த பழையனூர் நீலி எந்த அமெரிக்கப் பத்திரிகையைப் படித்தாள்?

எல்லாக் கதையும் உத்தமம் என்று நான் சாதிக்கவில்லை. எதிராளிக்கு விஷம் வைத்த பேஸ்பால் வீரனைக் கொன்று, அவன் தலையையே பந்தாக்கி, குடலை எல்லைக்கோடாகப் போட்டு விளையாடும் கதை ஒன்று உண்டு. அது எனக்கே கொஞ்சம் ஓவர்தான்.

இப்போது டாக்டர். பெயர் ஃபிரெட்ரிக் வெர்தாம், நியூயார்க் மனநல மருத்துவர். கெட்டவர் இல்லை. 1946இல் ஹார்லெமில் கறுப்பின ஏழைகளுக்காக மனநல மருத்துவமனை நடத்த ஆரம்பித்தவர். அவர்தான் 1954இல் புத்தகம் போட்டு, பிள்ளைகள் கெட்டுப்போவதே காமிக்ஸால்தான் என்றார். பிற்பாடு அவருடைய குறிப்புகளை எடுத்துப் படித்த ஆய்வாளர் கேரல் டில்லி 2012இல் என்ன எழுதினார் தெரியுமா? தனித்தனிப் பிள்ளைகள் சொன்னதை ஒரே பிள்ளை வாயில் போட்டிருக்கிறார், சாட்சியத்தைத் தன் வசதிக்கு வளைத்திருக்கிறார் என்று எழுதினார். எதிரணி நம்பச் சொல்லும் டாக்டர் இவர்தான்!

அதே 1954 ஏப்ரலில் காமிக்ஸைப் பற்றி அமெரிக்க செனட் விசாரணை. எங்கள் தலைவர், ஈ.சி. முதலாளி வில்லியம் கெய்ன்ஸ், தாமாகவே முன்வந்து சாட்சி சொன்னார். செனட்டர் கெஃபாவர் ஓர் அட்டைப்படத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் ரத்தம் தோய்ந்த கோடரி, மறு கையில் முடியைப் பிடித்துத் தூக்கிய பெண்ணின் தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா? "திகில் காமிக்ஸ் அட்டைக்கு நல்ல ரசனைதான்" என்றார். அத்தோடு விட்டாரா? தலையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக் கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் மோசமான ரசனை என்று விளக்கமும் கொடுத்தார்! எங்கள் அணிக்கு எதிரணியே தேவையில்லை.

அந்த ஆண்டே காமிக்ஸ் கம்பெனிகள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே விதிமுறை போட்டுக்கொண்டன. 'திகில்' என்ற வார்த்தை தலைப்பில் வரக் கூடாது. எழுந்து நடக்கும் பிணம் கூடாது. அப்புறம் ஒரு விதி: எந்தக் கதையிலும் நன்மையே வெல்ல வேண்டும், குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும். நடுவர் அவர்களே, அதைத்தானே ஐயா அந்தப் பிணங்கள் ராப்பகலாகச் செய்துகொண்டிருந்தன! ஈ.சி.யின் மூன்று திகில் இதழ்களும் நின்றுபோயின.

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். அந்தக் கதைக்குப் பெயரே 'கவித்துவ நீதி'. கிரஹாம் இங்கல்ஸ் வரைந்தது. 1972இல் பிரிட்டனில் படமாகவும் வந்தது, அந்த வடிவத்தையே சொல்கிறேன். பெரியவர் குப்பை அள்ளியவர். தனி ஆள். வளர்க்கும் நாய்கள், வந்து விளையாடும் பிள்ளைகள், செத்துப்போன மனைவியின் போட்டோ, இவ்வளவுதான் சொத்து. எதிர்வீட்டுப் பணக்கார அப்பனுக்கும் மகனுக்கும் அவர் அங்கே இருப்பது பிடிக்கவில்லை. நாய்களைப் பறித்தார்கள். வேலையைப் பறித்தார்கள். பிள்ளைகள் வருவதை நிறுத்தினார்கள். கடைசியில் காதலர் தினத்தன்று, ஊரே எழுதியதுபோல, வாழ்த்து அட்டைகளில் வசவை எழுதி அனுப்பினார்கள். ஆசையோடு ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். தூக்கில் தொங்கிவிட்டார்.

அந்தப் பெரியவராக நடித்தவர் பீட்டர் குஷிங். 1971 ஜனவரியில்தான் அவருடைய சொந்த மனைவி இறந்திருந்தார். போட்டோவிடம் அவர் பேசும் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து, இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

ஒரு வருஷம் கழித்து, அதே நாளில், பெரியவர் குழியிலிருந்து எழுந்து வந்தார். மறுநாள் எதிர்வீட்டு அப்பன் கையில் மகன் பேருக்கு ஒரு காகிதப் பொட்டலம். மேலே கவிதை: ஆரம்பத்திலிருந்தே நீ கொடியவன், இப்போது உனக்கு நிஜமாகவே இல்லை... கடைசி வார்த்தையை மட்டும் எழுதவில்லை. பிரித்தால், அது உள்ளேயே இருக்கிறது. மகனின் இதயம்.

நடுவர் அவர்களே, அந்த மனிதர் மனு கொடுக்க ஆபீஸ் இல்லை. பரிந்து பேச ஓர் ஆள் இல்லை. உயிரோடு இருந்தவரை அவர் பக்கம் யாருமே நிற்கவில்லை. பத்து சென்ட் காகிதத்தில் ஒரு கதை மட்டும் நின்றது. நீங்களும் தயவுசெய்து அவர் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்லுங்கள். வணக்கம்.