கடைப் போத்தலா, கைப்பக்குவமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தீபாவளிக்கு வீடு கழுவும் வேலையை ஓரமாக வைத்துவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் பினாங்குப் பெருமக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

வீட்டுத் துப்புரவுக்குச் சிறந்தது கடைப் போத்தலா, கைப்பக்குவமா? கைப்பக்குவமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி அக்கா மூன்று கேள்வி கேட்டுவிட்டுப் போனார். வினிகரும் எலுமிச்சையும் கிருமியைக் கொல்லுமா? வீட்டில் கலக்கப்போய் விபரீதம் நடந்தால் யார் பொறுப்பு? வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது? அக்கா கேட்டது நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நேராகவே பதில் சொல்கிறேன்.

வினிகர் கிருமிநாசினி அல்ல. இதை எங்கள் அணி மறைக்கத் தேவையே இல்லை. சமையல் வினிகரில் இருப்பது ஏறக்குறைய 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம். கண்ணாடிக் கறைக்கும் குழாயில் படிந்த சோப்புப் படிவுக்கும் அது போதும். வயிற்றுப்போக்கில் கிடப்பவர் பயன்படுத்திய கழிவறைக்குப் போதாது. ஆனால் நடுவர் அவர்களே, நம் வீட்டில் தினமும் நடக்கும் வேலை என்ன? குழம்பு சிந்திய மேசையைத் துடைக்கிறோம், கால் தடம் பதிந்த தரையைக் கழுவுகிறோம். அதற்குச் சோப்புத் தண்ணீரும் சுத்தமான துணியும் போதும். சோப்பு கிருமியைக் கொன்றுதான் ஆகவேண்டும் என்பதில்லை. அழுக்கோடும் எண்ணெயோடும் சேர்த்துக் கிளப்பி, தண்ணீரோடு அனுப்பிவிடும்.

அக்கா சொன்ன கடைக் கிருமிநாசினியின் முதுகைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். முதலில் அழுக்கை நீக்கு, பிறகு தெளி, இத்தனை நிமிடம் ஈரமாகவே விடு என்றுதான் போட்டிருக்கும். நம்மில் எத்தனை பேர் அந்த நிமிடங்கள் காத்திருக்கிறோம்? தெளித்த கையோடு துடைத்துவிடுகிறோம். வாசனை வரும், வேலை நடக்காது.

கிருமியைக் கொன்றே தீரவேண்டிய நாளும் வரும். அன்றைக்கு நம் வீடுகளில் குளோரோக்ஸ் என்றே பேராகிப்போன பிளீச்சை எடுங்கள். அதையும் அளந்துதான் எடுக்க வேண்டும். லேபிளில் 5 விழுக்காடு என்று இருந்தால், 20 மில்லியை அளந்து, 1 லிட்டர் ஆகும்வரை பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். 0.1 விழுக்காடு கரைசல் கிடைக்கும். கழுவிய இடத்தில் அதைத் தடவிச் சில நிமிடம் ஈரமாக விட்டுத் துடையுங்கள். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வெந்நீர் வேண்டாம். மிச்சத்தை நாளைக்கென்று வைக்காதீர்கள், வெளிச்சத்திலும் நேரத்திலும் அதன் வீரியம் போய்விடும். போத்தல் கடையில் வாங்கியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அளவு தெரிந்து வீட்டில் கலந்தது யார்? அதுவும் கைப்பக்குவம்தான் நடுவர் அவர்களே!

சரி, குத்துவிளக்குக்கு வருகிறேன். எதிரணி அன்பர் ஒருவர் பித்தளைக்கென்றே விற்கும் பாலிஷைப் பாராட்டினார். தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டு விளக்கைக் கீழே இறக்கிப் பாருங்கள். தீபம் எரியும் கிண்ணத்தின் விளிம்பில் கரியும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பாக ஒட்டியிருக்கும். தண்டில் வேறு வகைக் கறை, பழுப்பாக, மங்கலாக இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. எண்ணெய்க் கரிக்குப் புளியைத் தேய்த்து என்ன பயன்? அதற்கு வெந்நீரும் பாத்திரச் சோப்பும். கரி போன பிறகுதான் புளி. ஊறவைத்த புளியைப் பூசிச் சில நிமிடம் விட்டு, தேங்காய் நாரால் தேயுங்கள். தேய்க்கத் தேய்க்க மங்கல் கரைந்து அடியில் மஞ்சள் எழும்பி வரும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் பித்தளை மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. பாட்டிகள் அமிலத்தின் பேரைச் சொல்லவில்லை, ஆனால் எவ்வளவு நேரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ராத்திரி முழுக்கப் புளியில் ஊறப்போட்டால் பித்தளையில் உள்ள துத்தநாகம் கரைந்து, செம்பு நிறத் திட்டு விழும். கழுவியதும் ஈரம் போகத் துடைத்து, காய்ந்த விபூதியால் ஒரு தேய்ப்பு தேய்த்தால் அந்தப் பளபளப்புக்கு ஈடு கிடையாது. ஆனால் முலாம் பூசிய விளக்கு என்றால் புளி பக்கமே போகாதீர்கள்.

எது எதற்கு என்ற இந்த அறிவுதான் எங்கள் அணியின் வாதம். அதனால்தான் கைப்பேசியில் சுற்றும் சில காணொளிகள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஆப்ப சோடாவைக் கொட்டி வினிகரை ஊற்றுகிறார்கள், பொங்குகிறது, பார்த்தவர் மயங்கிவிடுகிறார். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்ட பிறகு என்ன மிச்சம்? கொஞ்சம் உப்புக் கரைந்த தண்ணீர். பொங்கியதெல்லாம் கரியமில வாயு. அதையே மூடிய போத்தலில் கலந்தால் போத்தல் வெடிக்கும். சோடா தனியாக நல்ல பொருள். அடுப்பு ஓரத்தில் தாளிப்பு எண்ணெய் பிசினாகிப் போன இடத்தில் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துப் பூசி, சோப்புத் துணியால் தேயுங்கள், கீறல் விழாமல் கிளம்பும். வினிகருக்கு வேறு வேலை இருக்கிறது.

வினிகர் ஆகாத இடமும் உண்டு, அதைப் பினாங்குக்காரர்கள் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஜோர்ஜ் டவுனில், பழைய கடைவீடுகளின் தரையில் பூப்போட்ட சிமெண்டு ஓடுகள் இன்னும் இருக்கின்றன. பல பழைய வீடுகளில் சலவைக்கல் துண்டு பதித்த மொசைக் தரை. இரண்டிலும் சுண்ணாம்பு இருக்கிறது. வினிகரோ எலுமிச்சையோ பட்டால் அரித்து, பளபளப்பு போய், திட்டுத்திட்டாகும். தேய்த்து அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அங்கே வெறும் சோப்புத் தண்ணீர், நன்றாகப் பிழிந்த துணி, அவ்வளவுதான்.

இப்போது அக்காவின் இரண்டாவது கேள்வி, விபரீதம். இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது உயிர் விஷயம். பிளீச்சோடு புளிப்பு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினிகர், எலுமிச்சை, பழத்தோலைச் சர்க்கரைத் தண்ணீரில் புளிக்கவைத்துச் செய்யும் என்சைம் திரவம், எல்லாமே புளிப்புதான். அமோனியா உள்ள திரவத்தோடு சேர்ந்தால் குளோரமின். இரண்டும் நெஞ்சைப் பிடிக்கும், நுரையீரலைப் புண்ணாக்கும். ஆனால் நடுவர் அவர்களே, கழிவறைக்கென்று கடையில் விற்கும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்! ஃபிளாட் வீட்டில், ஜன்னல் இல்லாத குளியலறையில், இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் ஊற்றினால் வெளுப்பு கூடும் என்று நினைத்து ஊற்றுகிறார்களே, அந்த இரண்டு போத்தலும் எங்கிருந்து வந்தவை? இரண்டும் கடையில் வாங்கியவை. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாததுதான் ஆபத்து. அளந்து கலக்கப் பழகியவர் எது புளிப்பு, எது பிளீச் என்று பார்த்த பிறகுதான் மூடியைத் திறப்பார்.

அப்படியும் நெடி ஏறிவிட்டால் துடைத்து முடித்துவிட்டு வரலாம் என்று நிற்காதீர்கள். போட்டது போட்டபடி காற்றோட்டமான இடத்துக்கு வெளியேறுங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. மூச்சு முட்டினால் உடனே 999. ஆலோசனைக்கு நம் தேசிய விஷ மையம் இருக்கிறது, அதுவும் இதே பினாங்கில், அறிவியல் பல்கலைக்கழகத்தில்.

என்சைம் என்றதும் கூட்டத்தில் சிலர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நாட்டுச்சர்க்கரை ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு, மூன்று மாதம். தோலைக் குப்பைக்கு அனுப்பாமல் தரை துடைக்க வைத்துக்கொள்வது எனக்கும் பிடித்த காரியம். கண்ணாடி ஜாடி மட்டும் வேண்டாம். முதல் மாதம் வாயு ஏறிக்கொண்டே இருக்கும், பிளாஸ்டிக் போத்தலில் இடம் விட்டு ஊற்றி, தினமும் மூடியைத் தளர்த்தி விடுங்கள். நோயெல்லாம் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், குடிக்கவும் கூடாது.

நேரம் எங்கே என்றார் அக்கா. பாதி வினிகர், பாதி தண்ணீர், கண்ணாடி துடைக்கும் திரவம் தயார். இதைக் கலக்கும் நேரத்தில் பேரங்காடியில் வண்டி நிறுத்த இடம்கூடக் கிடைக்காது.

மணி அடித்துவிட்டார்கள், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். கலந்ததைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. தனிப் போத்தல் வாங்கி, மேலே பேரையும் கலந்த தேதியையும் தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டி, பிள்ளைக்கு எட்டாத தட்டில் வையுங்கள். வீட்டுக்கு உதவிக்கு வருகிறவரும் அதைப் படிக்க வேண்டும் இல்லையா?

எங்கள் பக்கம் தீர்ப்பு தாருங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.