மணலில் விழுந்த நகையும் மெட்டல் டிடெக்டரும்

நேயர்களுக்கு வணக்கம்.

மெட்டல் டிடெக்டர் என்றதும் கோயில் வாசலிலும் விமான நிலையத்திலும் நம்மை நிறுத்திச் சோதிக்கும் கருவிதான் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வரும். அதே தத்துவத்தில் இயங்கும், நீண்ட கைப்பிடியின் முனையில் வட்டமான சுருள் பொருத்திய இன்னொரு கருவியைப் பற்றியும், கடற்கரையிலோ வயலிலோ விழுந்துவிட்ட மோதிரத்தையும் சங்கிலியையும் அதைக் கொண்டு மீட்பதைப் பற்றியும் பேசும்படி நிலையத்தார் என்னைப் பணித்திருக்கிறார்கள். மின்னணுவியல் கற்பிக்கும் ஆசிரியன் நான். என்னிடம் அத்தகைய கருவி ஒன்று இருப்பதை அறிந்து, நகையைத் தொலைத்தவர்கள் அவ்வப்போது தேடி வருவதுண்டு. கருவியைக் கொண்டுபோய் மணல்மேல் நீட்டினாலே நகை அகப்பட்டுவிடும் என்பது அவர்களில் அநேகருடைய எண்ணம். உலோகம் இருக்கிறது என்ற ஒரு செய்தியை மட்டுமே கருவி சொல்லும். எங்கே தேடுவது, எதைத் தேடுவது என்பதையெல்லாம் தொலைத்தவரின் வாயிலிருந்துதான் நாம் வாங்கியாக வேண்டும்.

இதற்கு இந்தக் கருவியின் பிறப்பிலேயே சான்று இருக்கிறது. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிவிட்ட குண்டு எங்கே இருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ் கதிர்கள் அப்போது கண்டுபிடிக்கப்படவும் இல்லை. தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், மின்தூண்டலால் உலோகத்தை உணரும் கருவி ஒன்றை அவசர அவசரமாகச் செய்து, ஜூலை இறுதியிலும் ஆகஸ்டு தொடக்கத்திலுமாக இருமுறை வெள்ளை மாளிகைக்குக் கொண்டுவந்து சோதித்தார். குண்டு அகப்படவில்லை. நோயாளி படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுச் சுருள்வில்கள் இருந்தது ஒரு காரணம் என்பார்கள். குண்டு வலப்பக்கத்தில் இருப்பதாகத் தலைமை மருத்துவர் முடிவுகட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை மட்டுமே சோதிக்கவிட்டது மற்றொரு காரணம். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தபின் உடலை அறுத்துப் பார்த்தபோது குண்டு இடப்பக்கத்தில் இருந்தது. அடியில் கிடந்த இரும்பும், தவறாகக் காட்டப்பட்ட இடமும்தான் அதைப் பெரிதும் தோற்கடித்தன. மெரினாவில் மோதிரம் தேடுகிறவரை இன்றும் தோற்கடிப்பவை பெரும்பாலும் இவை இரண்டுமே.

கருவி வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதன் தலைப்பகுதியில் இரண்டு செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. ஒன்றில் வினாடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. அதனால் எழும் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு எழுப்பும் மெல்லிய காந்தப்புலத்தை இரண்டாவது சுருள் வாங்கி, காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனில் ஒலியாகத் தருகிறது. ஆழம் கூடக்கூட இந்தச் சைகை மிக விரைவாகத் தேய்ந்துபோகும். சுருளின் அளவைத் தாண்டிய ஆழத்தில், தூரம் இருமடங்கானால் திரும்பி வரும் சைகை ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே, பத்தடி ஆழத்துப் புதையலைக் காட்டும் என்று சொல்லிக் கருவி விற்பவர்களை நம்ப வேண்டாம். விரலில் அணியும் மோதிரத்தை 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு சாண் வரை, கண்டுகொண்டால் அது நல்ல கருவி.

உலோகத்தின் வகையைக் கருவி ஓரளவு பிரித்துச் சொல்லும். திரையில் ஓர் எண்ணாகக் காட்டும். இரும்புக்குக் கீழ்மட்ட எண், வெள்ளிக்கும் செம்புக்கும் மேல்மட்ட எண். தங்கம் இவற்றுக்கு நடுவே வருகிறது என்பதில்தான் சங்கடம். நாம் அணியும் 916 தங்கத்தில் 91.6 சதவீதம் பொன்னும் மீதம் செம்பு, வெள்ளி போன்றவையும் கலந்திருக்கின்றன. இரண்டு மூன்று கிராம் எடையுள்ள மோதிரம் தரும் எண்ணும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளோ, மாத்திரை அட்டையோ, குளிர்பானக் கேனைத் திறக்கும் வளையமோ தரும் எண்ணும் அருகருகே விழும். குப்பை வேண்டாம் என்று அந்த எண்களை அடைத்துவிட்டால் மோதிரத்தையும் சேர்த்து அடைத்ததாகிறது. பொன்னைத் தேடுகிறவன் ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் குனிந்து எடுத்தே தீர வேண்டும். நடுவே நெஞ்சு படபடக்கும்படி கணீரென்று ஒலித்து, தோண்டிப் பார்த்தால் கவரிங் வளையல் வருவதும் உண்டு. உள்ளே இருப்பது செம்பாயிற்றே, ஏன் ஒலிக்காது?

பழகிப் பார்ப்பதற்கு ஒரு ரூபாய் நாணயத்தைப் புதைத்து வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1992 முதல் வந்த ஒரு ரூபாய் நாணயம் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு; இரும்பை ஒதுக்கும் அமைப்பில் கருவி அதைப் பேசாமல் கடந்துவிடக்கூடும். நிக்கல் பித்தளையாலான ஐந்து ரூபாய் நாணயம் பயிற்சிக்கு ஏற்றது. அதைவிட நல்லது, தொலைந்த மோதிரத்துக்கு ஒத்த இன்னொரு மோதிரத்தைத் தேடப்போகும் அதே மணலில் வைத்து, அது எழுப்பும் ஒலியைக் காதுக்குப் பழக்கிக்கொள்வது. வைத்த மோதிரத்தில் ஒரு நூலைக் கட்டி வைப்பது நலம். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.

மோதிரம் முழு வளையமாக இருப்பதால் சுழல் மின்னோட்டம் அதில் தடையின்றிச் சுற்றிவரும். எனவே நன்றாக ஒலிக்கும். அறுந்த மோதிரமும், முனைகள் சேராத மெட்டியும் அவ்வளவு ஒலிப்பதில்லை. எல்லாவற்றிலும் கடினம் சங்கிலிதான். மூன்று சவரன் சங்கிலி என்றால் ஒரு மோதிரத்தைவிடப் பல மடங்கு தங்கம் அல்லவா, எளிதில் அகப்படாதா என்று கேட்பார்கள். கண்ணிக்குக் கண்ணி தொடுகை சரியாக இல்லாததால், கருவியின் கணக்கில் அது தனித்தனிப் பொடி வளையங்களின் கூட்டம். மெல்லிய சங்கிலிமேல் கருவி ஓசையின்றிப் போய்விடுவதும் உண்டு. அகப்படுவதெல்லாம் அதன் கொக்கியாலும் டாலராலும்தான்.

தாலிச் சங்கிலியைத் தொலைத்தவரிடம் நான் முதலில் கேட்பது, அதில் ஊக்கு மாட்டியிருந்தீர்களா என்பதே. நம் பெண்கள் பலர் அவசரத்துக்கு உதவும் என்று தாலியில் ஓரிரு ஊக்குகளை மாட்டி வைப்பார்கள். ஊக்கு எஃகுக் கம்பி. இரும்பை ஒதுக்கும் அமைப்பில் தேடினால், தாலிப் பொட்டின் ஒலியை அந்த ஊக்கே மறைத்துவிடலாம். ஒதுக்கல் எதுவுமின்றி எல்லா உலோகத்துக்கும் ஒலிக்கும்படி வைத்துத் தேடினால், சங்கிலியைக் காட்டிக்கொடுப்பதும் அந்த ஊக்காகவே இருக்கும். ஊக்கு இருந்ததா, பொட்டு இருந்ததா, குண்டுமணிகள் எத்தனை, அறுந்து விழுந்ததா கொக்கி கழன்றதா என்று நான் அடுக்கிக்கொண்டே போகும்போது, வீட்டார் சற்று எரிச்சலோடு பார்ப்பார்கள். ஆனால் கருவியை எந்த அமைப்பில் வைப்பது என்பது அந்தப் பதில்களால்தான் முடிவாகிறது.

இனி மணலுக்கு வருவோம். உலர்ந்த மணலில் தேடுவது எளிது. அலை வந்து நனைக்கும் ஈர மணலில் உப்புநீர் தானே மின்சாரத்தைக் கடத்துவதால், சாதாரணக் கருவி ஓயாமல் உளறிக்கொண்டிருக்கும். அந்த உளறலை அடக்க நுண்ணுணர்வைக் குறைத்தால் மெல்லிய நகைகளும் அதனோடு போய்விடும். இதற்கென்றே, துடிப்பு துடிப்பாக மின்சாரத்தைச் செலுத்தி, அது அடங்கும் நேரத்தை அளக்கும் கருவிகளும், ஒரே சமயத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் கருவிகளும் வந்துள்ளன. விலை பல மடங்கு. கன்னியாகுமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கம் போனால் உப்போடு கருமணலும் சேர்ந்துகொள்ளும். இல்மனைட்டு போன்ற இரும்புக் கனிமங்கள் நிறைந்த அந்த மணலில், சுருளை மேலும் கீழுமாக அசைத்து மண்ணின் ஒலியைச் சமன் செய்துகொள்ளாமல் ஓரடி நகர முடியாது.

அலைக்கரையில் விழுந்த நகையைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று உடனே கைவிட வேண்டாம். மணலைவிடத் தங்கம் ஆறேழு மடங்கு அடர்த்தியானது. அலை மணலை அள்ளிக்கொண்டு போகும். மோதிரமோ அநேகமாக விழுந்த இடத்துக்கு அருகிலேயே கீழ்நோக்கி இறங்கி, கிளிஞ்சல் படிவிலோ களியிலோ போய்த் தங்கும். மேலே புதுமணல் எவ்வளவு சேர்கிறது என்பதுதான் நமக்கு எதிரான கணக்கு. நம் கிழக்குக் கரையில் மணல் ஓயாமல் நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் எழுந்தபின் தென்புறத்தில் மணல் ஒதுங்கித்தான் மெரினா இவ்வளவு அகலமாயிற்று, வடக்கே இராயபுரம் பக்கம் கடல் அரித்தது. எனவே விழுந்த நாளிலேயே, நீர் நன்றாக வற்றியிருக்கும் வேளையில் தேடுவதே உசிதம். தவறினால் புயல் வந்து மேல்மணலை அரித்துப் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 2020 நவம்பரில் நிவர் புயலுக்குப்பின் ஆந்திரத்தின் உப்பாடா கடற்கரையில் ஊரார் பொன்மணிகளைப் பொறுக்கியதாகச் செய்தி வந்தது நேயர்கள் சிலருக்கு நினைவிருக்கலாம்.

நகை விழுந்தது தெரிந்ததும் நாம் செய்வது என்ன? சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் உதவிக்கு வந்து, இருகைகளாலும் மணலைக் கிளறுகிறார்கள். இரண்டு அங்குலத்தில் இருந்த மோதிரம் அரையடிக்குப் போவதும், நின்ற இடம் எது என்பது அழிந்துபோவதும் அந்த அரைமணி நேரத்தில்தான். யாரையும் கிளற விடாமல், செருப்பையோ பையையோ அடையாளமாக வைத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்து கலங்கரை விளக்கம் எந்தத் திசையில் தெரிகிறது, எந்தக் கடை நேர் எதிரே இருக்கிறது என்று நான்கு பக்கமும் செல்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். நகை கடைசியாகக் கையில் இருந்ததற்கும் அன்று எடுத்த படங்களே சாட்சி. விரலில் மோதிரம் தெரியும் கடைசிப் படமும், தெரியாத முதல் படமும் கிடைத்துவிட்டால் தேட வேண்டிய பரப்பு வெகுவாகச் சுருங்கிவிடும்.

தேடும்போது குச்சிகளை நட்டுக் கயிறு கட்டி, ஏர் ஓட்டுவதுபோல ஒரு கோட்டை ஒட்டி அடுத்த கோடு என்று போக வேண்டும். சுருளைத் தரையோடு ஒட்டி, சாயாமல், மெதுவாக வீச வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சில் பாதியை மூட வேண்டும். அகலமாக வீசினால் வீச்சின் இரு முனைகளிலும் சுருள் தானாக மேலே எழும்பிவிடும், அங்கே ஆழம் போய்விடும். வடக்கு தெற்காக முடித்தபின் கிழக்கு மேற்காக ஒருமுறை. ஆர்வம் தாங்காமல் இங்கும் அங்கும் ஓடித் தேடுவதைவிட இது அலுப்பானது; ஆனால் தேடி முடித்த இடம் எது, தேடாத இடம் எது என்று உறுதியாகச் சொல்ல வேறு வழியில்லை.

வயலில் கதை வேறு. நாற்று நடும்போது சேற்றில் நழுவிய மோதிரத்தை முழங்கால் ஆழச் சேற்றில் தேடுவதைவிட, அறுவடை முடிந்து நிலம் காய்ந்தபின், அடுத்த உழவுக்கு முன்னால் தேடுவது நல்லது. தங்கம் துருப்பிடிக்காது, அது பொறுத்திருக்கும். வீட்டுக்குள் தொலைந்த மூக்குத்திக்கும் கம்மல் திருகாணிக்கும் இந்தக் கருவியால் பயனில்லை, ஏனெனில் கான்கிரீட் தளத்துக்குள் இருக்கும் கம்பிகளே ஓயாமல் ஒலிக்கும். கூட்டிய குப்பை எங்கே போனது என்று பார்த்து, அதைத் தார்ப்பாயில் பரப்பிச் சல்லடையில் அரிப்பதே வழி.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எங்கே கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. ஒருவருடைய நகையைத் தேடும்போது இன்னொருவருடைய நகை அகப்படுவது அரிதன்று. கண்டெடுத்ததெல்லாம் எடுத்தவருக்கே சொந்தம் என்று எண்ணி வைத்துக்கொண்டால், உரியவரைத் தேட முயலாத அந்தச் செயல் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தில் பிறர் பொருளைக் கையாடுவது பற்றிய 314-ஆம் பிரிவுக்குள் வரக்கூடும். அருகிலுள்ள காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்துவிட வேண்டும். தொலைத்தவர்கள் அங்கே போய் நகை தம்முடையது என்று நிறுவுவதற்கு, எடை குறித்த கடை ரசீது உதவும். 2023 ஏப்ரல் முதல் கடைகளில் விற்கப்படும் ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து அதை இன்றே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வணக்கம்.