புறநகரிலிருந்து வந்த பதினாறு பாடல்கள்

(நாகர்கோவிலில் இசை ஆர்வலர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, கிதாரையும் கீபோர்டையும் ஆலயப் பாடகர் குழுவில் முதன்முதலாகத் தொட்டுப் பழகிய இளைய நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து ராக் இசைக்குழுவான ஆர்கேட் ஃபயர் 2010 ஆகஸ்டில் வெளியிட்ட 'தி சபர்ப்ஸ்' (புறநகர்கள்) என்ற ஆல்பத்தைப் பற்றியும், அதை உலகம் எப்படி ஏற்றுக்கொண்டது என்பதைப் பற்றியும் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அமெரிக்கப் புறநகரைப் பற்றிய பாடல்களுக்கும் குமரி மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். அவருடைய வீடே பத்து சென்ட் வயலை மண்ணடித்து நிரப்பிக் கட்டியதுதான் என்பதால், அவருக்கு உரிய பதிலை இந்த உரையின் நடுவில் வைத்திருக்கிறேன்.

கொடை விழாக்களில் வில்லடிக்கக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பல பாடல்கள் சேர்ந்து ஒரே பொருளைச் சொல்வது புதிதன்று. காப்புப் பாடி, வருபொருள் உரைத்து, குருவை வணங்கி, நாட்டு வளம் சொல்லிக் கதைக்குள் நுழைந்து, கடைசியில் வாழி பாடி முடிக்கும் வில்லுப்பாட்டின் நடுவிலிருந்து ஒரு பாட்டை மட்டும் உருவி எடுத்தால் அது நொண்டும். ராக் இசையில் இத்தகைய தொகுப்பைக் கான்செப்ட் ஆல்பம் என்கிறார்கள். 1969இல் தி ஹூ குழு வெளியிட்ட 'டாமி', 1979இல் பிங்க் ஃபிளாய்ட் வெளியிட்ட 'தி வால்' ஆகியவற்றில் வில்லுப்பாட்டில் இருப்பதுபோலவே ஒரு நாயகனும் அவனுக்கு நேரும் துயரங்களும் உண்டு. 'தி சபர்ப்ஸ்' ஆல்பத்திலோ கதையும் கிடையாது, நாயகனும் கிடையாது. ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும் பதினாறு பாடல்களில் ஓரிடம் மட்டுமே இருக்கிறது. முதல் பாடலில் வந்த சொற்கள் எட்டுப் பத்துப் பாடல்கள் கழிந்து வேறொரு குரலில் திரும்பி வருவதால்தான் அந்த இடம் நம் மனத்தில் உருக்கொள்கிறது.

அந்த இடத்துக்கு முன்மாதிரி உண்டு. குழுவின் தலைவர் வின் பட்லரும் அவர் தம்பி வில் பட்லரும் வளர்ந்தது டெக்சஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகரத்துக்கு வடக்கே உள்ள தி உட்லண்ட்ஸ் என்ற குடியிருப்பில். எண்ணெய்த் தொழிலதிபர் ஜார்ஜ் மிட்சல் திட்டமிட்டு உருவாக்கி 1974இல் திறந்த அந்தக் குடியிருப்பில் காட்டு மரங்களை விட்டுவைத்து அவற்றின் இடையே வீடுகளையும் கடைத்தொகுதிகளையும் கட்டினார்கள். பல ஆண்டுகள் கழித்துப் பழைய நண்பர் ஒருவர், தம் மகளைத் தோளில் சுமந்தபடி அந்த ஊர்க் கடைத்தொகுதியில் நிற்கும் படத்தைக் கடிதத்தோடு அனுப்பியதே ஆல்பத்துக்கு வித்திட்டது என்று வின் பட்லர் கூறியிருக்கிறார். முதல் பாடலில், இளமை இருக்கும்போதே தனக்கு ஒரு மகள் வேண்டும், எல்லாம் கெட்டுப்போவதற்குள் அவளுக்குக் கொஞ்சம் அழகைக் காட்டிவிட வேண்டும் என்று ஒருவன் வேண்டுகிறான். துள்ளலான பியானோ தாளத்தின் மேல் அவன் இதைப் பாடுவதால், முதன்முறை கேட்பவர்களுக்கு அது வேண்டுதல் என்றே பிடிபடுவதில்லை.

நான் அதிகம் பேச விரும்புவது, நகரம் கட்டின்றிப் பரவுவதைக் குறிக்கும் 'ஸ்ப்ரால்' என்ற தலைப்பில் இறுதிக்கு முன்னால் அடுத்தடுத்து வரும் இரண்டு பாடல்களைப் பற்றி. முதலாவது மிக மெதுவாக நகர்வது. ஒருவன் தான் வளர்ந்த வீட்டைத் தேடிக் காரை ஓட்டிக்கொண்டு போகிறான். சிறுவயதில் இரவில் நின்றவர்களின் சைக்கிள்கள் மேல் காவலர்கள் விளக்கடித்து, உங்கள் வீடு எங்கே என்று கேட்டது அவன் நினைவுக்கு வருகிறது. அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் உலகம் முழுக்கத் தேடுகிறேன் என்கிறான். அந்தப் பாட்டு அடங்கியதுமே இரண்டாவது பாடல் மின்னணுத் தாளத்தோடு, ஏறக்குறைய ஒரு நடனப் பாடலாக எழுகிறது. இதில் பாடுபவர் வின் பட்லரின் அப்போதைய மனைவி ரெஜீன் ஷஸான். பாட்டை நிறுத்திவிட்டு ஒழுங்காக வேலைக்குப் போ என்று சொல்லப்பட்ட ஒரு பெண்ணின் குரல் அது. ஷஸானின் பெற்றோர் ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்கள். மலைக்கு அப்பால் மலை என்பது அந்த நாட்டுப் பழமொழி. கடக்கக் கடக்கத் தீராத இடர்களைச் சொல்லும் அந்தப் பழமொழியில், ஆளரவமற்ற கடைத்தொகுதிகளை மலைகளாக வைத்துப் பாடுகிறார். வேளிமலையை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அந்த உருவகத்தின் கசப்பு விளங்காமல் போகாது. இந்த இரண்டில் முதல் பாடலின் ஆண் குரல் திரும்பிப் போகத் துடிக்கிறது, இரண்டாவதின் பெண் குரல் தப்பி ஓடத் துடிக்கிறது, ஆனால் இருவருக்கும் ஊர் ஒன்றே. ஆல்பத்தின் உயிர் இந்த முரணில் இருக்கிறது என்பது என் கருத்து.

இது புறநகருக்கு எழுதிய காதல் கடிதமும் அன்று, அதன் மேல் சாட்டிய குற்றப்பத்திரிகையும் அன்று, புறநகரிலிருந்து வந்த கடிதம் என்று வின் பட்லர் அந்நாளில் விளக்கினார். இந்த இடத்தில்தான் என் நண்பருக்கான பதில் இருக்கிறது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போக நெல்லும் விளைந்த வயல்கள் பலவும் இன்று மனைகளாகிவிட்டன. நான்குவழிச் சாலைக்காகக் குளங்களுக்குள்ளேயே மண் கொட்டப்பட்டது. நாகர்கோவிலில் பேருந்து ஏறினால் தக்கலை கடந்து மார்த்தாண்டம் போய்ச் சேரும் வரை வீடுகளின் வரிசை அறுவதில்லை. இதைச் செய்தவர்கள் வெளியூரார் அல்லர். வளைகுடாவுக்குப் போன அண்ணன் அனுப்பிய பணத்தில், அம்மா நின்று பார்த்து, நாமேதான் கட்டினோம். அந்த வீடுகளில் தூங்கி எழுந்துதான் வயல் போய்விட்டதே என்று வருந்துகிறோம். வருத்தமும் உண்மை, வீடு கிடைத்த மகிழ்ச்சியும் உண்மை. அந்த அண்ணனின் கடிதத்தையும், அவர் குரலைப் பதிந்து அனுப்பிய கேசட்டையும் எதிர்பார்த்துத் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காத்திருந்த தலைமுறை, கடிதத்துக்குக் காத்திருந்த காலத்தைப் பற்றி இந்த ஆல்பத்தில் வரும் 'வீ யூஸ்ட் டு வெயிட்' என்ற பாடலை உரையாசிரியர் எவரும் இல்லாமலே புரிந்துகொள்ளும்.

அந்தப் பாடலுக்கு இயக்குநர் கிறிஸ் மில்க் கூகுள் நிறுவனத்தோடு சேர்ந்து செய்த இணையப் படம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பார்ப்பவர் தாம் வளர்ந்த வீட்டின் முகவரியை எழுதினால், அந்த வீட்டின் வான்படமும் தெருப்படமும் பாடலின் ஊடே திரையில் விரியும். 2011இல் கான் விளம்பர விழாவில் உயர்ந்த பரிசு பெற்ற முயற்சி அது. இந்தியாவில் அப்போது தெருக்காட்சி வசதி இல்லாததால், நம்மூர் முகவரியை எழுதியவருக்கு மேலிருந்து பார்த்த தென்னந்தலைகளே கிடைத்திருக்கும்.

இனி வரவேற்பு. ஆல்பம் வெளியான முதல் வாரத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய 1,56,000 பிரதிகள் விற்று, ராப் பாடகர் எமினெமின் 'ரிகவரி' தொகுப்பைப் பின்னுக்குத் தள்ளி விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இதில் அமேசான் தளம் 3.99 டாலருக்கு அதை விற்றதற்கும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. விமர்சகர்கள் பெரிதும் பாராட்டினார்கள். விமர்சனங்களைத் தொகுத்து மதிப்பெண் தரும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் அது நூற்றுக்கு 87 பெற்றது. குறை சொன்னவர்கள் நீளத்தைச் சொன்னார்கள். அதில் எனக்கும் ஓரளவு உடன்பாடு உண்டு. இன்றைய நாகரிக இளைஞர்களை எள்ளி நகையாடும் 'ரொகோகோ' பாடல், ஆல்பம் முழுவதும் எவரையும் தீர்ப்பிடாமல் காத்துவந்த நிதானத்தை நடுவழியில் தவறவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் ஆல்பத்துக்கு எந்த இழப்பும் இல்லை.

2011 பிப்ரவரியில் நடந்த அமெரிக்காவின் கிராமி இசை விருது விழாவில் நிகழ்ந்தது வேடிக்கையானது. ஆல்டர்நேட்டிவ் (மாற்று இசை) பிரிவின் பரிசை இந்தக் குழு தி பிளாக் கீஸ் குழுவின் 'பிரதர்ஸ்' தொகுப்பிடம் பறிகொடுத்துவிட்டு, எமினெம், லேடி காகா, கேட்டி பெர்ரி, லேடி ஆன்டிபெல்லம் ஆகிய நால்வகைப் புகழையும் தாண்டி ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான பரிசைத் தட்டிச் சென்றது. வகுப்பில் இரண்டாமிடம் வந்தவர் பள்ளிக்கே முதல்வரானது எப்படி என்று எவரும் கேட்பார்கள்தானே! உறையைப் பிரித்த பாடகி பார்பரா ஸ்ட்ரைசண்டின் குரலிலேயே ஒரு தயக்கம் தெரிந்தது. யார் இந்த ஆர்கேட் ஃபயர் என்று இணையம் முழுக்கக் கேள்விகள் பறந்தன. விளம்பரத் துறையைச் சேர்ந்த ஸ்டீவ் ஸ்டவுட் நியூயார்க் டைம்ஸ் இதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துக் கிராமி அமைப்பைச் சாடினார். மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய, சுதந்திரமான நிறுவனம் வெளியிட்ட தொகுப்புக்கு அந்தப் பரிசு போனதை அந்தக் கோபம் கண்டுகொள்ளவில்லை. பரிசின் நியாயம் பற்றிப் பேசியவர்கள் அதிகம். பதினாறு பாடல்களையும் கேட்டுவிட்டுப் பேசியவர்கள் அவர்களில் எத்தனை பேர் என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு. அதே ஆண்டில் கனடாவின் ஜூனோ, பொலாரிஸ் பரிசுகளும் பிரிட்டனின் பிரிட் விருதும் எந்தச் சலசலப்பும் இல்லாமல் அதற்குக் கிடைத்தன.

2022இல் வின் பட்லர் மீது பாலியல் முறைகேடு தொடர்பான குற்றச்சாட்டுகள் வெளிவந்ததையும் இங்கே மறைக்க முடியாது. உறவுகள் இருதரப்பு ஒப்புதலோடு நடந்தவை என்று அவர் கூறினார். குழுவோடு இசைப் பயணத்தில் இருந்த பாடகி ஃபைஸ்ட் பாதியில் விலகிக்கொண்டார். அதற்குப் பிறகு, மகள் வேண்டும் என்ற அந்த முதல் பாடலைப் பழைய மனத்தோடு கேட்க இயலாதவர்கள் உண்டு. அவர்களோடு நான் வாதிட மாட்டேன். ஆனால் 'ஸ்ப்ரால்' இரண்டாம் பாடலில் ஒலிப்பது வேறொருவரின் குரல், வேறொரு பெண்ணின் கோபம்; அதை வின் பட்லரின் பெயரோடு சேர்த்துக் கழித்துவிடுவது சரியென்று எனக்குப் படவில்லை.

இப்போது அந்த இரண்டு 'ஸ்ப்ரால்' பாடல்களையும் இடைவெளி விடாமல் அடுத்தடுத்து ஒலிக்கவிடுமாறு ஒலிபெருக்கி அமைத்திருக்கும் தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன். கேள்விகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.