கட்டில் எவ்வளவு உயரம்?

வணக்கம் நேயர்களே. முடியாதவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் தொழிலாளர் ஆய்வாளராகப் பல வருடம் வேலை பார்த்தவள். ஆய்வுக்கு ஆள் போனால் இவர்கள் உடம்புக்கு ஏதாவது நல்லது நடக்கிறதா? அதைத்தான் பேசப் போகிறேன்.

ஒரு தடவை, இவர்களை வீடுகளுக்கு அனுப்புகிற ஒரு ஏஜென்சியின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். படிவங்கள் கச்சிதம். எல்லா வீட்டுக்கும் 'ஆபத்து இல்லை' என்று ஒரே பேனாவில் டிக். பணியாளர் ஒருவரைக் கூப்பிட்டு, "இடுப்பு வலி இருக்காம்மா?" என்றேன். மேலாளர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லைங்க மேடம்" என்றார். கையெழுத்துப் போடும்போது பேனா கீழே விழுந்தது. அவர் குனியவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கி, மெதுவாக இறங்கி எடுத்தார்.

அப்புறம் தனியாகப் பேசினேன். தனியாக, அதுதான் முக்கியம். "பெரியவர் கட்டில் என் முழங்கால் உயரம்தான் மேடம். தினம் மூணு தடவை தூக்கி உட்கார வைக்கணும்." மேலாளரோ, "அது அவங்க வீட்டுக் கட்டில், நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். பெரியவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கட்டில் தாழ்வாக இருந்தால்தான் அவர் கால் தரையில் ஊன்றும், உருண்டு விழுந்தாலும் அடி குறைவு. ஏற்றி இறக்குகிற கட்டில் வந்தால்தான் இரண்டு பேருக்கும் விடிவு. கையால் ஆளைத் தூக்கும்போது ஒருவர் மேல் விழும் பாரம் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். எந்தப் பெரியவர் 16 கிலோ இருக்கிறார், சொல்லுங்கள்? கட்டில் உயரம், கட்டில் உயரம் என்று நான் புலம்புவதை வீட்டில் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

சரி, நேரே வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1947ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, ஆய்வாளர் இரவோ பகலோ, முன்கூட்டிச் சொல்லாமலே வேலையிடத்துக்குள் நுழையலாம். இங்கே வேலையிடம் இன்னொருவர் படுக்கையறை ஆயிற்றே! வீட்டுப் பணியாளர்களுக்கென்று 2011இல் வந்த உடன்படிக்கையும், அந்தரங்கத்தை மதித்து, எந்த நிபந்தனையில் உள்ளே போகலாம் என்பதை நாடுகளின் சட்டத்துக்கே விட்டுவிட்டது. ஆகவே பெரும்பாலும் அலுவலகத்தில் உட்கார்ந்து காகிதம் பார்க்கிறோம்.

ஆய்வே வீண் என்று சொல்லவில்லை. கலிபோர்னியாவில் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ஆய்வு நடத்திய இடங்களில் காயங்கள் 9.4 சதவீதம் குறைந்ததாக 2012இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஆனால் அவை ஆய்வாளர் நேரில் போய் நின்று பார்த்த இடங்கள்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இன்னும் ஒரு நிமிடம்தானாம். தனிமை, ஏச்சுப்பேச்சு, மன உளைச்சல் என்று குறித்து வைத்திருந்தேன், போச்சு. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்குப் போகிற தம்பி தங்கைகளே, முதலில் டூட்டி அட்டவணையைக் கேளுங்கள். ஒரு வீட்டில் 10 மணிக்கு வேலை முடியும், அடுத்த வீட்டில் அதே 10 மணிக்குத் தொடங்கும். நடுவில் இருக்கிற தூரத்தை அந்தப் பெண் எந்தக் கணக்கில் ஓடிக் கடக்கிறார் என்று மேலாளரையே கேளுங்கள். வணக்கம்.