ஆச்சியின் காது

அவையோருக்கு வணக்கம்.

மனோரமாவைப் பற்றி மேடை போட்டால் முதலில் எண்ணிக்கை வந்துவிடும். ஆயிரம் படங்களைத் தாண்டியவர், கின்னஸில் இடம் பெற்றவர், 2002இல் பத்மஸ்ரீ. எல்லாம் உண்மை. ஆனால் அந்த எண்ணிக்கையிலேயே நின்றுவிட்டால் அவர் செய்த வேலை கண்ணில் படாது. இன்று பேச வந்தது அவருடைய காதைப் பற்றி. ஊர் ஊராகப் பிறர் பேச்சை வாங்கி வைத்துக்கொண்ட காது அது.

1937இல் மன்னார்குடியில் பிறந்தார். கோபிசாந்தா என்பது இயற்பெயர். சிறு வயதிலேயே தாயோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்துவிட்டார். ஆக, வீட்டுக்குள் தஞ்சைப் பக்கத்துத் தமிழ், தெருவில் செட்டிநாட்டுத் தமிழ். ‘ஆச்சி’ என்று திரையுலகம் அழைத்ததும் அந்தச் சீமையின் சொல்தான். நாடகம் அவருக்கு மனோரமா என்ற பெயரைக் கொடுத்தது. எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவில் நடித்தார். 1958இல், கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் திரைக்கு வந்தார். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகி.

நாடகத்திலிருந்து வருபவர் திரையில் எங்கே தடுக்கி விழுவார் என்று கொஞ்சம் பார்ப்போம். மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். அதனால் சொல்லின் கடைசி அசையைக்கூட விழுங்காமல் தூக்கிப் பேசுவார்கள். அன்றைய ஸ்டுடியோவில் படமெடுக்கும்போதே குரலும் பதிவாகும். தலைக்கு மேலே மைக் தொங்கும். மேடைக் குரலை அங்கே விட்டால் ஒலி பிளந்துபோகும்.

சிரிப்பு நடிகருக்குச் சிக்கல் இன்னும் பெரிது. மேடையில் சனம் சிரித்து, அந்தச் சிரிப்பு இறங்கும் நேரம் பார்த்து அடுத்த வரியை எடுக்கலாம். படப்பிடிப்பில் யாரும் சிரிக்கக் கூடாது. எத்தனை நொடி விடுவது? கூடுதலாக விட்டால் காட்சி தொய்ந்துவிடும். விடாமல் போனால் தியேட்டர் சிரிப்பில் அடுத்த வரி முழுகிவிடும். 35 எம்எம் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிடத்தில் தீர்ந்துபோகும். எடுத்து எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள அவ்வளவாக இடமில்லை. இதற்கு ஒரு நல்ல வழி, சிரிப்பு வரிக்குப் பின்னால் ஒரு ‘அட’, ஒரு ‘ஆமா’, இல்லை ஒரு முனகல் போட்டு வைப்பது. சிரிப்பில் அது கரைந்தாலும் கதைக்கு நஷ்டமில்லை. யாரும் சிரிக்காவிட்டாலும் ஓட்டை தெரியாது. மனோரமா பேசும் காட்சிகளில் இந்தச் சின்னச் சொற்களைத் தேடிப் பாருங்கள்.

இப்போது 1968க்கு வருவோம். ஒரே ஆண்டில் இரண்டு படங்கள். ‘தில்லானா மோகனாம்பா’ளில் அவர் ஜில் ஜில் ரமாமணி, நாடகக்காரி. மேடையில் பேசிப் பழகிய நாக்கு அது. வீட்டுப் பேச்சிலும் குழைவும் நீட்டலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘பொம்மலாட்ட’த்தில் மெட்ராஸ் பாஷை. வி. குமார் இசையில் சொந்தக் குரலிலேயே பாடியும் இருக்கிறார்.

வட்டார வழக்கு பேச வருபவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: சொல்லை மாற்றுவார்கள், ராகத்தை மாற்ற மாட்டார்கள். ‘இருக்கிறது’ என்பதை ‘கீது’ என்று சொல்லிவிடுவது எளிது. வாக்கியம் எங்கே ஏறுகிறது, எங்கே வெட்டி நிற்கிறது என்பதைப் பிடிப்பதுதான் பாடு. பாட்டில் இது இரட்டை வேலை. தாளம் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லும், வழக்கு வேறிடத்தில் இழுக்கச் சொல்லும். இரண்டுக்கும் ஈடு கொடுத்துப் பாடினார் என்பதால்தான் அந்தப் பாட்டு இன்றும் வாயில் நிற்கிறது.

1989இல் வந்த ‘புதிய பாதை’க்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டிய விருது.

‘சின்னக் கவுண்ட’ரில் துருத்திய பல்லோடு வருவாரே, அதைத் தோற்றத்துக்கான வேடிக்கையாக மட்டும் பார்க்காதீர்கள். பல் துருத்தினால் உதடு சரியாக மூடாது. ப, ம இரண்டும் உதடு ஒட்டாமல் பிறக்காத எழுத்துகள். ‘அம்மா’, ‘அப்பா’ என்பதே தடுமாறும். உதட்டை வலிந்து மூடினால் முகம் இறுகி, நடிப்பு செத்துவிடும். அந்தப் பல்லோடு கொங்குப் பேச்சின் மெதுவான இழுப்பையும் விடாமல், கோபத்தையும் பாசத்தையும் காட்டியாக வேண்டும்.

பிற்காலத்தில் தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். அங்கே கேமரா முகத்துக்குப் பக்கத்தில், பார்ப்பவர் கூடத்தில் சில அடி தூரத்தில். நடிகர் குரலைத் தாழ்த்த வேண்டும். ஆனால் அடுப்படியில் இருப்பவருக்கும் வசனம் புரிய வேண்டும், ஏனென்றால் தொடரைப் பாதிப் பேர் வேலை செய்துகொண்டே கேட்கிறார்கள். மேடையில் கற்ற அந்தக் கடைசி அசை, விழுங்காமல் விட்ட அசை, இங்கேதான் கைகொடுக்கும். தாழ்ந்த குரலிலும் அது தெளிவாக வந்து விழும். 1968இன் அந்த இரண்டு படங்களையும் ஒருமுறை திரையைப் பார்க்காமல் கேளுங்கள். பேசுவது ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வரும்.