பொடக்காளிக்கு வரும் காட்டு வாத்துகள்: என்ன போடலாம், எப்படிப் பழக்கலாம்?

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகிற கேள்வி அல்ல அது. கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், நெல் வயல், வயலை ஒட்டியே தோட்டத்து வீடு, பொடக்காளியில், அதாவது வீட்டின் பின்பக்கத்தில், ஒரு பண்ணைக் குட்டை. அவர் கேட்டதை அப்படியே படிக்கிறேன்: "ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு காட்டு வாத்துகள் பொழுது சாய்கிற நேரத்தில் குட்டையில் வந்து இறங்குகின்றன அண்ணா. கதவைத் திறந்தாலே பறந்துவிடுகின்றன. எங்கள் அத்தை பழைய சோற்றையும் கடலைப் புண்ணாக்கையும் போடச் சொல்கிறார். என்ன தீனி போட்டால் பயம் தெளியும்? கையில் வந்து தின்னுமா? நாய்த் தொல்லை இருப்பதால் இரவில் கோழிக் கூண்டில் அடைத்து வைக்கலாமா?" படமும் அனுப்பியிருக்கிறார்.

படத்தில் இருப்பது புள்ளிமூக்கு வாத்து. கறுத்த அலகு, நுனியில் மட்டும் மஞ்சள், அலகு நெற்றியைத் தொடும் இடத்தில் இரு பக்கமும் செம்மஞ்சள் புள்ளி. இறக்கையை விரிக்கும்போது பச்சைப் பட்டை ஒன்று மின்னும். ஆணும் பெண்ணும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பலர் நினைப்பதுபோல இவை சைபீரியாவிலிருந்து வந்த விருந்தாளிகள் அல்ல. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்றவைதான் குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வந்து, வெயில் ஏறும்போது திரும்பிப் போகின்றன. புள்ளிமூக்கு வாத்து நம் மண்ணிலேயே பிறந்து, தண்ணீர் இருக்கிற பக்கம் மாறி மாறிப் போய் வாழ்கிற பறவை. அதனால் உங்களோடு அதற்கு உண்டாகும் பழக்கம் ஒரு பருவத்தோடு முடிந்துவிட வேண்டியதில்லை.

பயத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தீனி இரண்டாவதுதான். வாத்துக்குக் கண்கள் தலையின் இரு பக்கமும் இருக்கின்றன. திரும்பாமலேயே தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசையையும் அது பார்த்துவிடும். ஆகவே மறைந்து மறைந்து, அடிமேல் அடி வைத்து அதை நெருங்கப் பார்ப்பதில் பயனே இல்லை. சொல்லப்போனால் அதுதான் கெடுதல். பதுங்கி வருவது பூனையும் கீரியும் நரியும் வருகிற நடை. நீங்கள் நிமிர்ந்து, வேலை இருக்கிற மனிதராக, சாதாரணமாக நடந்து வாருங்கள். குட்டையை நோக்கி நேராக வராமல், மாடு கட்டுகிற கட்டுத்தரைக்குப் போகிறவர் போலச் சாய்வாகக் கடந்து போங்கள். வாத்தை உற்றுப் பார்க்காதீர்கள். மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடும்போது பேசுகிற குரலிலேயே எதையாவது பேசிக்கொண்டிருங்கள். தினமும் ஒரே நேரம், ஒரே வழி, ஒரே குரல். முதல் வாரம் தீனியே போட வேண்டாம் என்று கூடச் சொல்வேன். உங்களால் எந்தக் கெடுதலும் வராது என்பதை அது தானாகக் கண்டுகொள்ளட்டும்.

சென்னிமலைக்கு அருகே வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே யாரும் பறவைகளுக்குத் தட்டில் தீனி வைத்துப் பழக்கவில்லை. வெடிச் சத்தத்தை மட்டும் விட்டுக்கொடுத்தார்கள். அந்த வெள்ளோடு 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. நம் திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-ல் சேர்ந்தது. எனக்கு இந்தச் செய்தியைச் சொல்லும்போதெல்லாம் பெருமையாக இருக்கிறது. நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம். குட்டைக்கு அருகில் மோட்டார் அறைக் கதவை அடித்துச் சாத்தாதீர்கள், நாயை அந்த நேரத்தில் அவிழ்த்துவிடாதீர்கள், குழந்தைகளைக் கல்லெறிய விடாதீர்கள். குட்டைக்கு மேலே வலையோ கம்பியோ கட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். இந்த வகை வாத்து தண்ணீரிலிருந்து நேர் மேலாக எம்பிப் பறக்கும். தலைக்கு மேல் திறந்த வானம் தெரிந்தால்தான் நிம்மதியாக உட்காரும்.

பயம் குறைகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கழுத்தைப் பாருங்கள். நட்டமாக நீட்டி, தலையை வெட்டி வெட்டி அசைத்தால் அடுத்த நொடி பறக்கப் போகிறது என்று அர்த்தம். அங்கேயே நின்றுவிடுங்கள், அல்லது இரண்டடி பின்னால் போங்கள். தன்னைப் பார்த்ததும் பின்வாங்குகிற மனிதர் என்று அது உங்களை அறிந்துகொள்வது மிகவும் நல்லது. கழுத்து தோளுக்குள் அமிழ்ந்து, அலகால் நெஞ்சு இறகைக் கோத ஆரம்பித்தால் பாதிப் பயம் போய்விட்டது. வாலடியில் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பியில் அலகைத் தேய்த்து, அந்த எண்ணெயை இறகு இறகாகப் பூசுவதைப் பார்க்கலாம். தண்ணீர் ஒட்டாமல் இருப்பதற்கான அந்த வேலையை, ஆபத்து இருக்கிற இடத்தில் அது செய்யாது. கடைசிக் கட்டம் உறக்கம். மல்லார்ட் என்கிற வாத்து வகையை வைத்து 1999-ல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. வரிசையாக உறங்கும்போது ஓரத்தில் இருக்கிற வாத்து வெளிப்பக்கத்துக் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறது. மூளையின் ஒரு பாதி உறங்க, மறு பாதி காவல் இருக்கிறது. உங்கள் வாத்து உங்கள் பக்கத்துக் கண்ணை மூடி உறங்குகிற நாள் வந்தால், அதைவிடப் பெரிய நம்பிக்கையை ஒரு காட்டுப் பறவையிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இனி தீனி. கம்புதான் என் முதல் தேர்வு. சோளம், நெல், ராகி, உடைத்த மக்காச்சோளம் எல்லாம் நல்லவைதான். எதுவானாலும் முந்திய இரவே ஊறவைத்து, கரையோரம் ஒரு சாண் ஆழமுள்ள தண்ணீருக்குள் தூவுங்கள். களத்தில் போடாதீர்கள். காரணம் உங்களுக்கே தெரியும்: மயில். நம் பக்கத்தில் களத்தில் ஒரு கை தானியம் கிடந்தால் விடிவதற்குள் பத்து மயில் வந்து நிற்கும், பிறகு பக்கத்துத் தோட்டத்துக்காரர் உங்களோடு சண்டைக்கு வருவார். எலியும் வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். ஊறிய தானியம் தண்ணீரின் அடியில் தங்கிவிடும். வாத்து தலையை உள்ளே விட்டு, வாலை வானத்துக்குத் தூக்கி அலசித் தின்னும். மயிலுக்கும் காக்கைக்கும் அது எட்டாது. இரண்டு வாத்துக்கு ஒரு கைப்பிடி போதும். கால் மணி நேரத்தில் தீராமல் மிச்சம் இருந்தால் அடுத்த நாள் குறைத்துப் போடுங்கள். வயலில் அறுப்பு முடிந்து நெல் சிந்திக் கிடக்கிற நாட்களில் போடவே வேண்டாம். அது தன் பாட்டை அதுவே பார்த்துக்கொள்ளும்.

அத்தை சொன்ன புண்ணாக்குக்கு வருகிறேன். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிக் குஞ்சுகள் சில மாதங்களுக்குள் செத்து விழுந்தன. வாத்துக் குஞ்சுகளும் செத்தன. என்ன நோய் என்று தெரியாமல் தவித்து, கடைசியில் தீவனத்தைச் சோதித்தபோது பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் காரணம் சிக்கியது. புண்ணாக்கில் வளர்ந்த ஒரு வகைப் பூஞ்சணம் விஷத்தைச் சுரந்திருந்தது. அஃப்ளாடாக்சின் என்று இன்று நாம் சொல்கிற விஷம் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஈரலைத் தாக்குகிறது. அதற்கு மிக எளிதாகப் பலியாகிற உயிர்களில் வாத்துக் குஞ்சும் ஒன்று. அதனாலேயே பிற்பாடு தீவனத்தில் அந்த விஷம் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வகங்களில் வாத்துக் குஞ்சுகளைத்தான் பயன்படுத்தினார்கள். மாடு தாங்கிக்கொள்கிற அளவை வாத்து தாங்காது. மழைக்காலத்தில் மூட்டையில் ஈரம் ஏறிய கடலைப் புண்ணாக்கு, மக்கிய வாடை அடிக்கிற மக்காச்சோளம், கட்டி பிடித்த தவிடு எதையும் குட்டைப் பக்கம் கொண்டு போகாதீர்கள். வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பூஞ்சணம் காய்ந்தாலும் அது விட்டுச் சென்ற விஷம் அப்படியே இருக்கும். வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. அத்தையிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். அவர் அன்பில் சொன்னதுதான்.

விதைக்கு வாங்கி மிச்சமான மக்காச்சோளமும் அப்படித்தான். இளஞ்சிவப்புச் சாயம் பூசினாற்போல இருக்கிறதே, அது பூச்சி மருந்தோ பூஞ்சண மருந்தோ கலந்த விதை. வீணாகிறதே என்று தண்ணீரில் எறிந்தால் வாத்தோடு மீனும் போய்விடும். பழைய சோறு என்றைக்காவது ஒரு பிடி விழுந்தால் குற்றமில்லை, தினமும் வேண்டாம். பன், ரொட்டி, முறுக்கு, மிக்சர் எதுவும் வேண்டாம். வயிறு நிறையும், சத்து சேராது. தின்றது போக மிச்சம் தண்ணீரில் அழுகிப் பாசி கட்டும்.

கையில் வந்து தின்னுமா என்று கேட்டீர்கள். பழக்கினால் வரக்கூடும். ஆனால் பழக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உங்கள் கையை நம்புகிற வாத்து, கைகளையே நம்பிவிடும். நாளை அது வாய்க்காலில் இறங்கும். அங்கே கரையில் நிற்பவர் வலையோடும் கண்ணியோடும் நிற்கலாம். காட்டு வாத்துக் கறிக்கு ஆசைப்படுகிறவர்கள் நம் பக்கத்தில் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அந்த ஒருவரிடம் அது பயந்து பறந்தாக வேண்டும். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்க, அது குட்டையில் கோதிக்கொண்டிருக்கிற அந்தத் தூரத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கூண்டில் அடைப்பது கூடவே கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைப் பிடிப்பதும் வளர்ப்பதும் முட்டையை எடுப்பதும் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரே ஓர் இரவு அடைத்தால் இத்தனை நாள் பழக்கமும் போய்விடும். இரவில் அது உங்கள் குட்டையில்தான் இருக்கும் என்றும் சொல்ல முடியாது. இருட்டிய பிறகு வயலில் மேயப் போகிற பறவை அது. நாயிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்றால் குட்டை நடுவில் நாலு மூங்கிலைக் கட்டி ஒரு மிதவை விடுங்கள், மேலே கொஞ்சம் வைக்கோல் பரப்புங்கள். நாய் நீந்தி வருவதற்குள் அது எழுந்துவிடும்.

தென்னிந்தியாவில் இவை கார்த்திகை, மார்கழி வாக்கில் முட்டை வைக்கும். தண்ணீருக்குப் பக்கத்தில் கோரைக்குள், புல் புதருக்குள் தரையிலேயே கூடு இருக்கும். உங்கள் வரப்பில் அப்படிக் கண்டால் அந்த இடத்தில் மட்டும் களை வெட்டுவதைத் தள்ளிப் போடுங்கள். முட்டையிட்டு முடிந்தபின் ஏறக்குறைய 24 நாளில் குஞ்சு பொரிந்துவிடும். முட்டையை எடுத்து நாட்டுக்கோழிக்கு அடைவைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பொரிந்தவுடன் முதலில் பார்க்கிற உயிரைத் தாயாக எடுத்துக்கொள்வது வாத்துக் குஞ்சின் இயல்பு. கோழியின் பின்னால் போகிற குஞ்சுக்கு நீர்நிலையில் பிழைக்கிற வழியை யார் கற்றுக்கொடுப்பது? கோழிக்குஞ்சுத் தீவனத்தில் இருக்கிற நியாசின் என்கிற வைட்டமின் சத்தும் அதற்குப் போதாமல் கால் வளைந்துவிடும்.

கோழி பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டு வாத்து எந்த நோய்க்குறியும் காட்டாமலே பறவைக் காய்ச்சல் கிருமியைச் சுமக்கக்கூடும். நாமக்கல் முட்டைப் பண்ணைகளும் பல்லடம் கறிக்கோழிப் பண்ணைகளும் இருக்கிற வட்டாரம் நம்முடையது. உங்கள் வீட்டிலும் நாட்டுக்கோழி இருக்கிறது. வாத்து இறங்குகிற குட்டையில் கோழி தண்ணீர் குடிக்க வேண்டாம். தீனித் தட்டைப் பொதுவாக வைக்க வேண்டாம். குட்டைக்குப் போக ஒரு செருப்பு, கோழிக் கொட்டாய்க்கு ஒரு செருப்பு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செத்த வாத்தைக் கண்டால் வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கடைசியாக, படத்தில் கவனித்த ஒன்று. உங்கள் குட்டையில் கறுப்புப் பிளாஸ்டிக் தாள் விரித்திருக்கிறீர்கள். பெரிய வாத்து அதிலிருந்து எம்பிப் பறந்துவிடும். பறக்க முடியாத குஞ்சு என்ன செய்யும்? தாய் பின்னால் குட்டைக்குள் குதித்துவிடும், ஆனால் வழுக்குகிற சரிவில் ஏற முடியாது. ஏறி ஏறிச் சறுக்கி, களைத்து, நனைந்து, குளிரிலேயே செத்துப்போகும். நாலு கோணிச் சாக்கைச் சேர்த்துத் தைத்து, கரைமேல் கல்லைக் கட்டி, மறுமுனை தண்ணீருக்குள் இரண்டடி இறங்குகிற மாதிரி சரிவில் தொங்கவிடுங்கள். தேங்காய் நார்க் கயிற்று வலை இருந்தால் இன்னும் நல்லது. குட்டையின் நான்கு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும். மூலையில் ஒதுங்குகிற குஞ்சு எதிர்க்கரைக்கு வழி தேடிப் போகாது. தவறி விழுகிற ஓணானும் உடும்பும் கூட அதைப் பிடித்து ஏறிவிடும். ஜோடியாக வருகிற வாத்துகள், மாதமும் முட்டை வைக்கிற மாதம்; இந்த வாரமே கட்டிவிடுங்கள் சகோதரி. கட்டியபின் ஒரு படம் அனுப்புங்கள், சரிவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.