பாயிண்ட் லோபோஸில் எதைப் பார்ப்பது, எப்படி நடப்பது

[காட்சி: பாறையில் மோதிச் சிதறும் அலை. பின்னணியில் கடற்சிங்கங்களின் குரல்.]

வணக்கம். கலிஃபோர்னியாவின் கார்மெல் ஊரைத் தாண்டி, ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே ஐந்து கிலோமீட்டர் போனால் வலது பக்கம் ஒரு சின்ன நுழைவாயில் வரும். அதுதான் பாயிண்ட் லோபோஸ் மாநில இயற்கைக் காப்பகம். நிலப்பரப்பு சுமார் 220 ஹெக்டேர்தான். இன்னும் தெற்கே இருக்கும் பிக் சர் என்ற கடற்கரைப் பகுதிக்குப் போகிற வழியில் பலர் அரை மணி நேரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பிக் சரை இன்னொரு நாளைக்குத் தள்ளிவிட்டு முழு நாளையும் இங்கேயே செலவிடலாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே ட்ரோன் பறக்கவிடக் கூடாது. அதனால் இந்த வீடியோவில் வருவதெல்லாம் பாதையில் நின்று எடுத்த காட்சிகள்தான். நீங்கள் போனாலும் இதே கோணத்தில்தான் பார்ப்பீர்கள்.

[காட்சி: கடற்சிங்க முனையின் பாறை, நெருக்கத்தில்.]

வந்ததும் எல்லார் கண்ணும் கடலுக்குத்தான் போகும். கொஞ்சம் காலடியையும் பாருங்கள். கடற்சிங்க முனையில் உள்ள பாறை கடலை மிட்டாய் மாதிரி இருக்கும். உருண்டையான கூழாங்கற்கள், முட்டை அளவிலும் தேங்காய் அளவிலும், மணலோடு சேர்ந்து இறுகிப்போய்க் கிடக்கின்றன. அங்கிருந்து சைப்ரஸ் தோப்புப் பாதைக்குப் போனால் பாறையே மாறிவிடும். அங்கே கெட்டியான, வெளிறிய கிரானைட் வகைப் பாறை. அதில் பெரிய பெரிய படிகங்கள் தனித்தனியாகத் தெரியும்.

இந்தக் கிரானைட் சுமார் 8 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் ஆழத்தில், உருகிய பாறைக் குழம்பு மெல்ல மெல்ல ஆறி உருவானது. ஆறுவதற்கு நிறைய காலம் கிடைத்ததால்தான் படிகங்கள் அவ்வளவு பெரிதாக வளர்ந்தன. பிறகு அது மேலெழுந்து, அதன் மேல் கடல் வந்தது. கடலுக்கு அடியில் அந்தக் கிரானைட்டை அறுத்துக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கு உருவானது. கரையிலிருந்து சரிந்த கூழாங்கல்லும் மணலும் சேறும் அந்தப் பள்ளத்தாக்கை நிரப்பின. சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படி நிரம்பியதுதான் நாம் பார்த்த கூழாங்கல் பாறை. கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்றின் உட்புறத்தில் இப்போது நீங்கள் செருப்புக் காலோடு நடக்கிறீர்கள்! அதைவிட ஆச்சரியம், இன்றைக்கும் இந்தக் கரையை ஒட்டியே கார்மெல் கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குகிறது. அது மான்டெரே பெரும் பள்ளத்தாக்கின் ஒரு கிளை.

கடற்கரை இவ்வளவு கரடுமுரடாக இருப்பதற்கும் இந்தப் பாறைகள்தான் காரணம். கிரானைட்டில் வெடிப்பு உள்ள இடங்களை மட்டும் அலை அறுத்து உள்ளே போகிறது; மற்ற இடம் முனையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. மணற்பாறையும் சேற்றுப்பாறையும் மெல்லிய அடுக்குகளாகச் சாய்ந்து கிடப்பதைப் பார்க்க வெஸ்டன் கடற்கரைக்குப் போக வேண்டும். புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் பல ஆண்டுகள் படமெடுத்த இடம் இந்தக் காப்பகம். அவர் பெயரைத்தான் அந்தக் கடற்கரைக்கு வைத்திருக்கிறார்கள்.

[காட்சி: காற்றில் வளைந்த சைப்ரஸ் மரம். கிளையில் ஆரஞ்சு நிறப் படலம்.]

மான்டெரே சைப்ரஸ் உலகில் பல நாடுகளில் நட்டு வளர்க்கப்படும் மரம். ஆனால் அது தானாக வளரும் இயற்கைத் தோப்புகள் உலகத்திலேயே இரண்டுதான். ஒன்று இங்கே, மற்றொன்று கார்மெல் விரிகுடாவின் வடகரையில். கிளைகளில் ஆரஞ்சு நிறத்தில் படர்ந்திருப்பது நோய் இல்லை. அது ஒரு பச்சைப்பாசி இனம்தான், கரோட்டின் நிறமி அதற்கு அந்த நிறத்தைத் தருகிறது. மரத்துக்கு ஒரு கெடுதலும் இல்லை.

[காட்சி: திமிங்கில வேட்டையர் குடில், முன்புறம்.]

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். வேலர்ஸ் கோவ் என்னும் சிறிய குடாவில் ஒரு பழைய மரக் குடில் இருக்கிறது. 1850களில் சீன மீனவர்கள் கட்டியது. தரையைத் தாங்கும் கட்டைகளுக்கு அடியில் திமிங்கில முதுகெலும்புகளை வைத்திருக்கிறார்கள். 1860களில் அசோரஸ் தீவுகளிலிருந்து வந்த போர்ச்சுகீசியர்கள் இங்கே திமிங்கிலம் பிடித்துக் கொழுப்பைக் காய்ச்சினார்கள். பக்கத்திலேயே கிரானைட்டும் வெட்டப்பட்டது. மலைச்சுரங்கத்தில் எடுத்த நிலக்கரியும் இங்கிருந்து கப்பலில் ஏற்றப்பட்டது. 1890களின் கடைசியில் கென்னோசுகே கொடானி என்ற ஜப்பானியர் வந்து அபலோனி என்ற கடல் நத்தையை எடுக்கும் தொழிலைத் தொடங்கினார். மூச்சடக்கிக் குதித்தவர்களால் இந்தக் குளிரைத் தாங்க முடியவில்லை. அதனால் தலைக்கவசமும் காற்றுக்குழாயும் உள்ள உடையோடு முக்குளிப்பவர்களை வரவழைத்தார். நில உரிமையாளர் ஏ. எம். ஆலனோடு சேர்ந்து பதப்படுத்தும் ஆலையும் நடத்தினார்.

இதற்கிடையில் இந்த நிலத்தை வீட்டுமனைகளாகப் பிரித்து விற்கவும் தொடங்கியிருந்தார்கள். 1898இல் நிலத்தை வாங்கிய ஆலன், விற்றுப்போன மனைகளையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினார். 1933இல் நிலம் மாநில அரசிடம் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். யாரும் தொடாத காடு போலத் தெரிகிற இடம் ஒரு காலத்தில் கொழுப்பு நாற்றமும் கல் உடைக்கும் சத்தமுமாக இருந்தது. மனிதர்கள் கையை எடுத்துக்கொண்டதால்தான் அது இப்படித் திரும்பியிருக்கிறது. கூழாங்கல், சிப்பி, ஏன், கீழே விழுந்த பைன் காயைக்கூட எடுக்கக் கூடாது என்ற விதி அங்கிருந்து வருகிறது. பாதையின் இருபுறமும் தாழ்வாகக் கட்டியிருக்கும் கம்பியைத் தாண்டாதீர்கள். கால் பட்டு இறுகிய மண்ணில் செடி மறுபடி முளைக்க வெகு காலம் பிடிக்கும்.

[காட்சி: கெல்ப் இலைகளுக்கு நடுவே மிதக்கும் கடல் நீர்நாய்.]

கடலிலும் இதே கதைதான். ரோமத்துக்காக வேட்டையாடியதில் கலிஃபோர்னியாக் கடல் நீர்நாய்கள் அழிந்தேபோய்விட்டன என்று நினைத்திருந்தார்கள். 1938இல் இங்கிருந்து தெற்கே, பிக்ஸ்பி ஓடை அருகே ஒரு சிறு கூட்டம் மிஞ்சியிருப்பது வெளியே தெரியவந்தது. இப்போது கலிஃபோர்னியாக் கரையில் இருப்பவை அந்தச் சிறு கூட்டத்தின் வழி வந்தவை. நீர்நாய்கள் கடல் முள்ளெலிகளைத் தின்கின்றன. முள்ளெலிகள் பெருகினால் கெல்ப் என்ற மாபெரும் கடற்பாசிக் காட்டையே மேய்ந்து தீர்த்துவிடும். 1960இல் நிலத்தோடு கடலையும் சேர்த்துக் காப்பகம் ஆக்கினார்கள். அமெரிக்காவில் அப்படிச் செய்தவற்றில் இது மிக முந்தையது. முக்குளிக்க முன்பதிவு வேண்டும். கரையிலிருந்தே பார்க்க நினைப்பவர்கள் ஒரு பைனாகுலரை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

[காட்சி: அமைதியான கடல், திடீரெனப் பாறை முழுவதையும் மூடும் ஓர் அலை.]

இதைத் தயவுசெய்து கவனியுங்கள். இந்தக் கடல் பத்து நிமிடம் சாதுவாக இருந்துவிட்டு, திடீரென்று ஒரு பெரிய அலையை அனுப்பும். ஈரமாக இருக்கும் பாறை என்றால் அலை அங்கே வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அதன் மேல் நிற்காதீர்கள். செல்ஃபி எடுப்பதற்காகக் கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். தண்ணீர் பெரும்பாலும் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ்தான். நீச்சல் தெரிந்தவர்களையும் அந்தக் குளிர் மூச்சுத் திணற வைத்துவிடும். குழந்தைகள் கையை விட வேண்டாம். பாதையோரத்தில் மூன்று மூன்று இலையாக வளரும் பாய்சன் ஓக் செடியையும் தொடாதீர்கள். பட்டால் பல நாள் அரிக்கும்.

எப்போது போகலாம்? கோடையில் பனிமூட்டம் பல நாள் மதியம் வரைகூட விலகாது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும். சாம்பல் திமிங்கிலங்கள் கடந்து போவதைப் பார்க்க டிசம்பர் முதல் வசந்த காலம் வரை வரலாம். ஏப்ரல், மே மாதங்களில் சீல்கள் குட்டி போடும். தெற்குக் கோடியில் சைனா கோவ் பக்கம் மேலே நின்றபடியே தாயையும் குட்டியையும் பார்க்கலாம்.

வாகனம் நிறுத்த இடம் குறைவு. வார இறுதியில் காலையிலேயே நிரம்பிவிடும், அப்புறம் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டுக் குழந்தைகளோடு நடந்து வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. காப்பகம் எட்டு மணிக்குத் திறக்கிறது. அந்த நேரத்துக்கே போய், முதலில் சைப்ரஸ் தோப்பு, அடுத்துக் கடற்சிங்க முனை என்று நடங்கள். குடில் அருங்காட்சியகத்தைக் கூட்டம் சேர்ந்த பிறகும் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே உணவகம் கிடையாது, சாப்பாட்டையும் தண்ணீரையும் கையோடு கொண்டுபோங்கள்.